திரையில் எழுத்தைத் தொடுதல்: படியெடுக்கும் வசதியின் வரலாறும் தமிழும்

திறன்பேசிச் செயலி ஒன்றில் "விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்" என்றொரு வரி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆங்கிலமும் வகுப்பில் தமிழும் பேசி வளரும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவருக்குச் 'சமர்ப்பிக்கவும்' என்னும் சொல் புதிது. அவர் அச்சொல்லின்மீது விரலை வைத்துச் சற்றுநேரம் அழுத்திப் பார்க்கிறார். ஒன்றும் நிகழவில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. அகராதியில் பொருள் காண வேண்டுமானால் அச்சொல்லை அவரே தட்டச்சு செய்தாக வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரகரமா, றகரமா? பகரத்திற்கு முன் ஒரு மெய் உண்டா, இல்லையா? றகர மெய்யின்பின் வல்லின மெய் இரட்டாது, ரகர மெய்யின்பின் இரட்டும் என்னும் விதி நமக்குப் பழக்கத்தால் வந்தது. கற்றுக்கொண்டிருப்பவருக்கோ அவ்விதி இனிமேல்தான் வரவேண்டும். நகர, னகர, ணகரங்களையும் லகர, ளகர, ழகரங்களையும் பிழையின்றி வேறுபடுத்தத் தெரிந்தவரே ஒரு சொல்லைப் பிழையின்றித் தட்டச்சு செய்ய இயலும். சொல்லை முன்பே அறிந்தவருக்கு மட்டும் திறக்கும் அகராதியால் கற்பவருக்கு என்ன பயன்?

அச்சொல்லைத் திரையிலிருந்து அப்படியே படியெடுக்க முடிந்திருந்தால் இத்தடை எழுந்திருக்காது. இவ்வுரையின் பொருள் அதுதான். திரையிலுள்ள எழுத்தை எடுத்துச் செல்லும் வசதி எங்கே, யாருக்காகப் பிறந்தது, தமிழுக்கு அது ஏன் காலந்தாழ்ந்து வந்தது, வந்த பின்னரும் செயலிகளில் ஏன் பூட்டப்பட்டது என்பவற்றை வரலாற்று முறையில் காண்போம்.

பாடநூலுக்காகப் பிறந்த வசதி

வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்று செயல்களும் இன்று கணினியோடு உடன்பிறந்தவைபோல் தோன்றுகின்றன. உண்மையில் அவை அச்சகத்து மேசையிலிருந்து வந்தவை. கைப்படியைத் திருத்தும் பதிப்பாசிரியர் கத்தரிக்கோலால் ஒரு பத்தியை வெட்டி எடுத்து, வேறோர் இடத்தில் பசை தடவி ஒட்டுவார். 1970களின் நடுப்பகுதியில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரிலிருந்த ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 'ஜிப்ஸி' என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருளை உருவாக்கினர். அதைப் பயன்படுத்தவிருந்தவர்கள் 'ஜின்' என்னும் பாடநூல் வெளியீட்டகத்தின் பதிப்பாசிரியர்கள். ஆசிரியர்கள் நிறைந்த இவ்வவையில் இச்செய்தியைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படியெடுத்து ஒட்டும் வசதி கணினியில் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது பாடநூல் ஆக்குவோரின் கைப்பழக்கத்தைக் கூர்ந்து கவனித்ததனால்தான்.

டெஸ்லரின் கொள்கை எளிமையானது. அதற்கு முன் அதே மையத்தில் இருந்த 'பிராவோ' என்னும் மென்பொருளில் ஒவ்வொரு விசைக்கும் சூழலுக்கேற்ப வேறுவேறு பொருள் உண்டு. கட்டளை கேட்கும் நிலையில் இருக்கிறது என்பதை மறந்து 'எடிட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் ஒருவர் அடித்தால், முதலெழுத்து எல்லாவற்றையும் தெரிவுசெய்யும். இரண்டாம் எழுத்து அதை அழிக்கும். மூன்றாம் எழுத்து புதிதாக எழுதத் தொடங்கும். நான்காம் எழுத்து மட்டும் திரையில் எஞ்சி நிற்கும். டெஸ்லருக்கு இது பிடிக்கவில்லை. முதலில் எழுத்தைச் சுட்டித் தெரிவுசெய், பிறகு என்ன செய்வது என்று சொல் என்று முறையை மாற்றினார். பெயரை முன்வைத்து வினையைப் பின்வைக்கும் இம்முறை, தமிழ்த் தொடரின் சொல்வரிசையை ஒத்திருப்பது இலக்கணம் படித்தவர்களுக்குச் சிறு மகிழ்ச்சி தரும். 1983இல் ஆப்பிளின் 'லிசா' கணினியும் 1984இல் 'மெக்கின்டாஷ்' கணினியும் இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பின.

தொட்டால் மற்றோர் இடத்திற்கு இட்டுச்செல்லும் எழுத்துக்கு வேறொரு குடிவழி உண்டு. 'மீயுரை' என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லை டெட் நெல்சன் 1965இல் அச்சில் கொண்டுவந்தார். 1968 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட், சுட்டியால் ஒரு சொல்லைத் தொட்டு அதன் விரிவுக்குச் செல்வதைப் பேரவையின் முன் செய்துகாட்டினார். 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த வலைத்திட்டம் 1991இல் பொதுமக்களை எட்டியது. நோக்கத்தைப் பார்த்தால், நம் உரைமரபினருக்கு இது புதிதன்று. உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டியவர்கள், அடிக்குறிப்பில் ஒப்புமைப் பகுதிகளும் இறுதியில் அரும்பத அகராதியும் அமைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். ஒரு சொல்லிலிருந்து அச்சொல் வரும் பிற இடங்களுக்கு வாசகரை அழைத்துச் செல்லும் வழிகள் அவை. ஏட்டிலும் தாளிலும் விரலால் பக்கம் புரட்டிச் செய்ததைத் திரை ஒரு தொடுதலால் செய்கிறது.

எழுத்துருக் காலத்தின் பாடபேதம்

ஆங்கில எழுத்துக்கு இவ்விரு வசதிகளும் கிடைத்தபோது தமிழ் எழுத்தின் நிலை என்ன? 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்கள் பல பிறந்தன. கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்துவதே அன்றைய முறை. எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதை ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தம் விருப்பப்படி முடிவுசெய்தார். இதன் விளைவு யாதெனில், ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையைப் படியெடுத்து, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஒட்டினால், தலையில் கொம்பும் காலில் கொக்கியும் பூண்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே கிடைக்கும். அக்காலத்தில் தமிழ்க் கணினியை அறிந்தோர் அனைவரும் அக்குவியலைக் கண்டிருப்பார்கள்.

சுவடிகளைப் படியெடுத்தபோது கை தவறியோ கண் தவறியோ பாடபேதங்கள் தோன்றின. எழுத்துருக் காலத்தில் படியெடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. பாடமே முழுவதும் அழிந்தது. கணினி தன் கடமையில் தவறவில்லை. அதன் உள்ளே இருந்த எண்களை ஒன்று விடாமல் எடுத்துச் சென்றது. அவ்வெண்கள் தமிழைக் குறிக்கின்றன என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. இதிலிருந்து நாம் பெறும் மொழியியல் உண்மை ஒன்று உண்டு. படியெடுக்கப்படுவது எழுத்தின் வடிவம் அன்று. வடிவத்தின் அடியிலுள்ள குறியீடே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்கிறது. குறியீட்டில் சமூகம் ஒருமித்தால்தான் எழுத்து பயணம் செய்யும்.

அவ்வொருமைப்பாட்டைத் தேடிய முயற்சியில் இவ்வட்டாரத்தின் பங்கு பெரிது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றுவதற்கு உழைத்தார். 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் வழியாகத் 'தமிழ் 99' விசைப்பலகையும் 'தாம்', 'தாப்' என்னும் குறியேற்றங்களும் உருப்பெற்றன. உலகத் தமிழர் மின்னஞ்சல்வழிக் கலந்துரையாடி வடித்த 'திஸ்கி' குறியேற்றம் மற்றொருபுறம் பரவியது. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் மாநாடு கூடியபோது 'உத்தமம்' என்னும் அமைப்பு பிறந்தது. மறுஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருள் வழியாகப் பல்லாயிரவர் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றனர். அவரது 'செல்லினம்' 2005இல் கைப்பேசிக் குறுஞ்செய்திக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், இலக்கியங்களை முதலில் வேறு குறியேற்றத்தில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. பழந்தமிழ் நூலின் ஓர் அடியை எடுத்துத் தம் கட்டுரையில் மேற்கோளாக ஒட்டும் இன்றைய மாணவர், அப்பெயர்ப்பின் பயனைத்தான் நுகர்கிறார்.

ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. ஆயினும் இயங்குதளங்களும் எழுத்துருக்களும் அதைச் செவ்வனே காட்டுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம் நம் எழுத்தின் அமைப்பு. 'கொ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க, ககரம் நடுவில் இருக்கிறது. கண் காணும் வரிசை கொம்பு, ககரம், கால். நா ஒலிக்கும் வரிசை ககரம், பின்னர் ஒகரம். பழைய குறியேற்றங்கள் கண்ணின் வரிசையைப் பின்பற்றின. ஒருங்குறி நாவின் வரிசையைப் பின்பற்றியது. மெய் முன்னும் உயிர் பின்னும் நின்று உயிர்மெய் ஒலிக்கும் என்று இலக்கணம் சொல்வதற்கு ஒருங்குறியின் வரிசையே இயைந்தது என்பது என் கருத்து. இதனை ஏற்காத அறிஞர்களும் உள்ளனர். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் வேண்டும் என்னும் அவர்களது வாதத்தின் விளைவாக, 2010இல் தமிழ்நாட்டு அரசு 'டேஸ் 16' என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. அவ்விவாதம் தனி உரைக்கு உரியது.

நமக்கு வேண்டிய செய்தி வேறு. பிடிஎஃப் கோப்பு ஒன்றிலிருந்து தமிழைப் படியெடுத்து ஒட்டும்போது கொம்புகள் ககரத்தை விட்டு விலகி, புள்ளி வட்டத்தின் அருகே அநாதையாக நிற்பதை ஆசிரியர்கள் கண்டிருப்பீர்கள். அக்கோப்புகள் பலவற்றில் இருப்பது கண்ணின் வரிசை. ஒட்டும் இடம் எதிர்பார்ப்பது நாவின் வரிசை. அச்சுத்தாளில் அழகாக விழும் பாடக்குறிப்பு, படியெடுத்தவுடன் சிதைவது இதனால்தான். ஒருங்குறியிலும் பாடபேதம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. 'கௌரவம்' என்று ஔகாரக் குறியிட்டு எழுதுவதும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரவம்' என்று எழுதுவதும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவதைப் படியெடுத்து அகராதியில் ஒட்டினால் விடை வராது. படிப்பவர் தம் கண்ணை நம்பி, அகராதியில் சொல் இல்லை என்று முடிவுசெய்வார்.

ஏட்டின் மரபும் பொறியின் மரபும்

தமிழ் எழுத்து படியெடுக்கத்தக்கதாக மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் திரை கைக்குள் சுருங்கியது. 2007இல் வெளிவந்த முதல் ஐஃபோனில் படியெடுத்து ஒட்டும் வசதியே இல்லை. 2009 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பு இயங்குதளத்தில்தான் அது சேர்ந்தது. இத்தாமதத்துக்குக் காரணம் விரல். சுட்டியைக் கொண்டு வேலை செய்தபோது, இழுத்தல் என்பது எழுத்தைத் தெரிவுசெய்வதைக் குறித்தது. தொடுதிரையில் இழுத்தல் என்பது பக்கத்தை நகர்த்துவதைக் குறிக்கிறது. ஒரே விரல் நகர்த்தவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும், தெரிவுசெய்யவும் வேண்டும். டெஸ்லர் ஒழிக்க விரும்பிய 'ஒரு செயலுக்குப் பல பொருள்' என்னும் சிக்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது. நெடுநேரம் அழுத்தினால் தெரிவு என்னும் உடன்பாட்டால் அது ஓரளவு தீர்ந்தது.

ஆனால் அவ்வுடன்பாடு எல்லா எழுத்துக்கும் பொருந்தவில்லை. வலைப்பக்கத்தில் தோன்றும் எழுத்தை, அதை ஆக்கியவர் வேண்டுமென்றே தடுத்தாலன்றி, யாரும் படியெடுக்கலாம். செயலியில் தோன்றும் எழுத்தை, அதை ஆக்கியவர் வேண்டுமென்றே இசைந்தாலன்றி, யாரும் படியெடுக்க இயலாது. ஒரே திறன்பேசி, ஒரே எழுத்துரு, ஒரே தமிழ்ச்சொல். ஆயினும் விதி தலைகீழ். இதற்கான விடை மரபில் இருக்கிறது என்று கருதுகிறேன். வலைப்பக்கம் ஏட்டின் வழித்தோன்றல். படிப்பதற்கென்றே பிறந்தது அது. செயலி, பொறியின் முகப்புப் பலகைக்கு வழித்தோன்றல். மின்தூக்கியில் 'திறக்க', 'மூடுக' என்று பொறித்திருக்கும் சொற்களை யாரும் படியெடுக்க நினைப்பதில்லை. அவை பொத்தானின் பெயர்கள். செயலி ஆக்குநர்கள் திரையில் இடும் எழுத்துத் துண்டை 'லேபிள்' என்றே அழைக்கிறார்கள். புட்டியின்மீது ஒட்டும் பெயர்ச்சீட்டு என்பதுதான் அதன் பொருள். சீட்டு படிப்பதற்கு உரியது. எடுத்துச் செல்வதற்கு உரியதன்று என்னும் எண்ணம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

ஆப்பிளின் கருவித்தொகுதியில் லேபிளுக்குத் தெரிவுசெய்யும் ஆற்றல் இல்லை; அதற்கென வேறோர் உறுப்பைப் பயன்படுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் 2011இல் வந்த 3.0 பதிப்பு முதல், எழுத்தைத் தெரிவுசெய்ய இடந்தரும் பண்பு ஒன்று நிரலாளருக்குக் கிடைத்தது. அதன் இயல்புநிலை 'இல்லை' என்பதே. 'ஃபிளட்டர்' என்னும் கருவித்தொகுதியில் சாதாரண எழுத்துக்கு ஒரு பெயரும் தெரிவுசெய்யத்தக்க எழுத்துக்கு வேறொரு பெயரும் உண்டு. ஆப்பிளின் புதிய முறையில் எழுத்துக்கு அவ்வுரிமையை ஒரே வரியில் வழங்கும் வசதி 2021இல் வந்தது. நிரலாளர் ஒரு வரி எழுதினால் போதும். அவ்வரியை எழுத வேண்டும் என்னும் நினைவு அவருக்கு வருவதில்லை என்பதே குறை. கணினி யுகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. விண்டோஸ் இயங்குதளத்தின் அறிவிப்புப் பெட்டியிலுள்ள வாசகத்தைச் சுட்டியால் தெரிவுசெய்ய இயலாது. ஆனால் படியெடுக்கும் விசைகளை அழுத்தினால் பெட்டியின் வாசகம் முழுவதும் படியாகிவிடும். இதை அறிந்தவர் மிகச் சிலரே.

பூட்டுவதற்கு நியாயமான காரணங்களும் இருக்கின்றன. பொத்தானின் பெயரை நெடுநேரம் அழுத்தினால் தெரிவு நிகழுமானால் பொத்தான் பழுதானதுபோல் தோன்றும். பதிப்புரிமை உடைய பாடலையோ நூலையோ முழுவதும் அள்ளிச் செல்ல உரிமையாளர் இசையமாட்டார். ஆனால் ஒரு விளக்கம், ஓர் அறிவிப்பு, ஒரு பாடக்குறிப்பு, ஒரு முகவரி ஆகியவற்றைப் பூட்டுவதற்கு எக்காரணமும் இல்லை. பெரும்பாலும் யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்வதும் இல்லை. செயலிகள் பலவற்றில் பதிவு எண்ணுக்கு அருகே மட்டும் படியெடுக்கும் சின்னம் ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்வார்கள் என்று உணர்ந்தவர்கள், சொல்லையும் அவ்வாறே தவறாகத் தட்டச்சு செய்வார்கள் என்பதை உணரவில்லை. தம் தாய்மொழியில் செயலி ஆக்குபவருக்கு, அச்சொல்லை அறியாத வாசகர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது தோன்றாது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் அது தோன்ற வேண்டும்.

லேபிளைவிடக் கடுமையான பூட்டு படம். தமிழ் எழுத்து திரையில் சிதையும் என்று அஞ்சிய காலத்தில், வாசகத்தைப் படமாக மாற்றி அனுப்பும் பழக்கம் நம்மிடையே ஏற்பட்டது. அன்று அதற்குக் காரணம் இருந்தது. காரணம் மறைந்த பின்னரும் பழக்கம் தொடர்கிறது. திருவிழா வாழ்த்தும் நிகழ்ச்சி அழைப்பும் படமாக வருவதில் தவறில்லை. பயிற்சித்தாளும் சொற்பட்டியலும் படமாக வரும்போதுதான் மாணவருக்கு இழப்பு. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் நுட்பம் வளர்ந்து வருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை எழுத்துணரி வழியாக ஏற்றப்பட்டு, தன்னார்வலர்களால் மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. எனினும் 2021இல் ஆப்பிள், படத்திலுள்ள எழுத்தை நேரடியாகத் தொட்டு எடுக்கும் வசதியை அறிமுகம் செய்தபோது ஏழு மொழிகளே இடம்பெற்றன. அவற்றுள் தமிழ் இல்லை. எழுத்தாகவே இருந்ததைப் படமாக்கி, பின்பு படத்திலிருந்து எழுத்தை மீட்கப் பொறியை நாடுவது வேண்டாத சுற்று.

தொட்டால் எது கிடைக்கிறது?

பூட்டுத் திறந்தது என்றே கொள்வோம். 'விண்ணப்பத்தைச்' என்னும் சொல்லை மாணவர் தொடுகிறார். கைக்கு வருவது எது? திறன்பேசி இரு இடைவெளிகளுக்கு நடுவிலுள்ளதைச் சொல் என்று கருதி எடுத்துத் தருகிறது. எழுத்து அளவில் அது சரியாகவே நடந்துகொள்கிறது. 'கோ' என்பதில் கொம்பை மட்டும் பிரித்தெடுக்க அது இடந்தராது. உயிர்மெய்யை ஓர் அலகாகவே தெரிவுசெய்யும். ஆனால் அழிக்கும் விசையை அழுத்தினால் பல விசைப்பலகைகளில் உயிர்க்குறி முதலிலும் மெய் அடுத்தும் நீங்கும். தெரிவுசெய்யும்போது உயிர்மெய் ஒன்று, அழிக்கும்போது உயிர் வேறு மெய் வேறு. உயிர்மெய் ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்று நம் உரையாசிரியர்கள் ஆராய்ந்த வினாவுக்குத் திறன்பேசி இரண்டு விடைகளையும் ஒருசேரத் தருவதைக் கண்டு நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

சொல் அளவில்தான் குறை. 'விண்ணப்பத்தைச்' என்று அகராதியில் தலைச்சொல் கிடையாது. இறுதியிலுள்ள சகர மெய் அடுத்த சொல்லின் முதலெழுத்தால் மிகுந்த சந்தி. அதை நீக்கினால் இரண்டாம் வேற்றுமை உருபு ஐகாரம். அதையும் நீக்கினால் அத்துச் சாரியை. அதற்கும் அடியில், இறுதி மகரம் கெட்டு மறைந்த 'விண்ணப்பம்' இருக்கிறது. உயர்நிலை வகுப்பில் நாம் கற்பிக்கும் பகுபத உறுப்பிலக்கணம் இதுவேயன்றோ? 'சமர்ப்பிக்கவும்' என்பதிலிருந்து 'சமர்ப்பி' என்னும் பகுதிக்குச் செல்வதும் அவ்வாறே. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குச் சில வடிவங்களே உண்டு. அவற்றை அகராதிச் செயலி எளிதில் அடக்கிக்கொள்ளும். தமிழில் ஒரு வினையடிக்கு எழும் வடிவங்கள் மிகப் பல. ஆகவே தமிழ்ச்சொல்லைத் தொடத்தக்கதாக்குவது என்பது அதை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் இலக்கண நிரலையும் உடன் வைப்பதாகும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் திரையிலிருந்து படியெடுத்த சொல்லுக்கும் அதன் தலைச்சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பது இன்றும் பெரும்பாலும் மாணவரின் இலக்கண அறிவே. இலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

எஞ்சியிருப்பது தானே இணைப்பாக மாறும் எழுத்து. தொலைபேசி எண், நாள், முகவரி ஆகியவற்றைப் பொறியே கண்டறிந்து தொடத்தக்கதாக்கும் முறையை ஆப்பிள் 1990களின் பிற்பகுதியில் கணினியில் முயன்றது. திறன்பேசிகளில் அது வழக்கமாயிற்று. எண்களைக் கண்டறிவதில் மொழி இடையூறு செய்வதில்லை. இணைய முகவரியில் செய்கிறது. ஆங்கிலத்தில் முகவரிக்கு முன்னே முன்னிடைச்சொல் தனியே நிற்கும். நாமோ முகவரியின் இறுதியில் 'இல்' என்றோ 'க்கு' என்றோ உருபை ஒட்டி எழுதுகிறோம். முகவரி எங்கே முடிகிறது, உருபு எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறி அறியாவிட்டால், உருபையும் முகவரியோடு விழுங்கிவிடும்; தொட்டால் இல்லாத பக்கத்துக்குப் போகும். எழுத்து மாறும் இடத்தில் முகவரி முடிகிறது என்று கொண்டால் இச்சிக்கல் தீரும் என்று முன்பு சொல்லலாம்.

இப்போது அவ்வாறு சொல்ல இயலாது. உலக மொழிகளின் எழுத்துகளிலேயே இணைய முகவரி அமைக்கும் முயற்சியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ 1990களின் இறுதியில் முன்னோடியாக உழைத்தார். 2011ஆம் ஆண்டு '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் ஈற்றுப்பெயர் ஒப்புதல் பெற்றது. ஆகவே முகவரியே தமிழில் முடியலாம். அதனோடு 'இல்' உருபைச் சேர்த்துப் பாருங்கள். ரகர மெய்யும் இகர உயிரும் புணர்ந்து '.சிங்கப்பூரில்' என்றாகிறது. முகவரியின் இறுதி மெய்யும் உருபின் முதல் உயிரும் ஒரே உயிர்மெய்யாகி, 'ரி' என்னும் ஓரெழுத்துக்குள் முகவரி முடிந்து உருபு தொடங்குகிறது. அவ்வெழுத்தின் எப்பாதி தொடத்தக்கது என்று நிரலாளர் கேட்டால், உடல்மேல் உயிர்வந்து ஒன்றும் இயல்பை அறிந்தவர்களே விடை கூற வேண்டும். அதுவரை முகவரியை எழுதி, ஒரு வெற்றிடம் விட்டு, 'என்னும் தளத்தில்' என்று தொடர்வதை என் மாணவர்களுக்குப் பரிந்துரைத்து வருகிறேன்.